தொண்டையில் புண், காதில் வலி

டான்சில் எடுத்த ஐந்தாம் நாள் காலையில் பொத்தான் வாய் திறந்து பேசுவதை நிறுத்தியிருந்தாள். எங்கள் வீட்டில் அது யார் கண்ணிலும் படவில்லை.

வேறு வீடாக இருந்தால், ஆறு வயதுப் பெண் எழுந்து பத்து நிமிடம் பேசாமல் இருந்தாலே பக்கத்து வீடு வரை சேதி போய்விடும். எங்கள் வீட்டில் பேச்சில் பாதி கையால்தான் நடந்தது. அவள் அப்பாவுக்குக் காது கேட்காது. பொத்தான் நாக்கைப் புரட்டும் முன்பே விரலைப் புரட்டக் கற்றவள். அன்று காலை பல் விளக்க மாட்டேன் என்று கையால் சொன்னாள். தலை வாருவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கையால் சொன்னாள். நானும் கையாலேயே அதட்டிவிட்டு அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வரி. பொத்தான் என்பது அவள் பெயரல்ல. ஒன்றரை வயதில் அப்பாவின் சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு, குடும்பம் முழுவதையும் மூன்று நாள் காவல் காக்க வைத்தவள் என்பதால் வந்த பட்டம். பொத்தான் திரும்பி வந்த விவரத்தை ஐந்தாவது அத்தியாயத்தில் எழுதி, வாசகர்களிடம் திட்டும் வாங்கிக்கொண்டேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் அவளுக்கு டான்சில் எடுத்ததையும், வீட்டுக்கு அழைத்து வந்ததையும் சென்ற வாரம் சொன்னேன். அந்த மூச்சு நிற்பதைக் கண்டுபிடித்தது காது கேட்கும் நான் அல்ல. நான் குறட்டை நின்றது என்று நிம்மதியாகப் புரண்டு படுத்தேன். அவள் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துத் தூங்கும் அவர்தான் கண்டுபிடித்தார்.

அவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். ஜன்னல் கண்ணாடி, மேசைக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, எதுவானாலும் கோடு கிழித்து வெட்டுவது அவர். விளிம்பைத் தேய்ப்பதும் அவர்தான். அந்தத் தேய்க்கும் சக்கரத்தின் கிறீச்சை மற்றவர்கள் ஒரு மணி நேரம் தாங்க மாட்டார்கள். அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. பொத்தானுக்குக் கடையைப் பார்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. குழந்தைக் காதுக்கு அந்தச் சத்தம் ஆகாது என்று அவர் வாசல் வரைகூட விட்டதில்லை.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கல்யாணமான புதிதில் நான் போட்டது. அவர் இருக்கும் இடத்தில் வாயால் பேசும் எதுவும் கையாலும் வந்தாக வேண்டும். பால்காரரிடம் பேசினாலும் சரி, தொலைபேசியில் பேசினாலும் சரி. யார் கை வேலையாக இருக்கிறதோ அவருக்காக மற்றவர் சொல்ல வேண்டும். பொத்தான் பேசக் கற்றதும் அந்த உத்தியோகம் அவளுக்குப் போனது. என்னைவிடக் கறாரான அதிகாரி. ஒரு முறை வந்த விருந்தாளி தும்மியதைக்கூட அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

அவர் போன பிறகு இந்த வீட்டில் கைகள் வெறுமனே கிடக்கின்றன. அதை எழுத வேண்டிய இடம் இதுவல்ல.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது வார்டு சிஸ்டர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். வலிக்கிறது என்று பிள்ளை சொல்லும் வரை காத்திருக்காதீர்கள், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வேளைக்கு வலி மருந்து கொடுங்கள். வலி முற்றிய பிறகு அதைத் துரத்திப் பிடிப்பது கஷ்டம். மருந்து கொடுத்து அரை மணி கழித்து, வலி அடங்கியிருக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர், பால், எது இறங்குகிறதோ அதைக் குடிக்க வையுங்கள். தொண்டை காய்ந்தால் வலி இன்னும் கூடும். ஐந்தாம் ஆறாம் நாள் வாக்கில் புண்ணின் மேல் இருக்கும் வெள்ளை ஏடு உரியும், அப்போது வலி திரும்ப ஏறும், பயந்துவிடாதீர்கள்.

அவ்வளவையும் நான் அவருக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வழக்கமான சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "அந்தம்மா அவ்வளவு நேரம் வாயசைச்சாங்க. நீ இத்தனூண்டு சொல்றே. மீதி எங்க?"

(அவர் கையால் பேசியதை இந்தத் தொடரில் வாயால் பேசியதுபோலவே எழுதி வருகிறேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.)

மீதி என்பது, சிஸ்டர் தன் பிள்ளைக்கு டான்சில் எடுத்த கதை என்றேன். அதையும் சொல்லியிருக்கலாமே என்றார். காது கேட்பவர்கள் எல்லோரும் தனக்குச் சுருக்கித் தருகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. அதில் உண்மையும் உண்டு.

முதல் நான்கு நாள் பிரச்சினை இல்லை. ஐஸ்கிரீம் ராஜ்ஜியம். மூன்றாம் நாள் ராணிக்கே சலித்துப்போய், இனிமேல் ஐஸ்கிரீம் என்று யாராவது சொன்னால் அறைந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். மருந்து வேளைக்கு இறங்கியது. வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. அதுவும் வரும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நாள் எனக்கு விடுப்பு முடிந்தது. பள்ளிப் பாடப்புத்தகம் அச்சுக்குப் போகும் நாள். பிழை திருத்துகிறவள் வராவிட்டால் இயந்திரம் நிற்கும் என்று முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். விடியற்காலை வேளை மருந்தைத் தூக்கக் கலக்கத்திலேயே புகட்டிவிட்டேன். அடுத்த வேளை எப்போது, அதற்கடுத்தது எப்போது என்று அவருக்குச் சொன்னேன். அவர் மதியம் வரை வீட்டில் இருப்பார், பிறகு என் நாத்தனார் வருவார் என்று ஏற்பாடு.

நாத்தனார் அவரைவிட ஏழு வயது மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்பவர்களின் பக்கத்து இருக்கையில் வாழ்க்கையைக் கழித்தவர் என்பதால், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட யாராவது வேகமாக நடந்தால் வலது கால் தரையை அழுத்தும். பொத்தான் வைத்த பெயர் பிரேக் அத்தை.

மதிய உணவு நேரம் தாண்டி அச்சகத்துக்கு அந்த அண்ணியிடமிருந்து தொலைபேசி வந்தது. எப்போதும் எதிர்முனை காதைப் பிளக்கும். அன்று தணிந்திருந்தது.

"நீ கிளம்பி வா. தம்பி புள்ளைக்கு மருந்தே குடுக்கல. என்னையும் குடுக்க விடல. பாட்டிலை எடுத்து அலமாரி மேல வெச்சிட்டு அதுக்குக் கீழயே நிக்கிறான்."

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் நிஜமாகவே அலமாரிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். கடைக்குப் போகவில்லை. பொத்தான் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒரு துண்டு. எச்சிலை விழுங்காமல் அதில் துடைத்துக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்து தோல் எழும்பியிருந்தது. பக்கத்தில் தண்ணீர், பால், பழச்சாறு என்று மூன்று டம்ளர்கள் ததும்பத் ததும்ப நின்றன. காலையில் நான் போன பிறகு ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்றார் அண்ணி. பாத்ரூம் பக்கமும் போகவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். கேட்ட வேகத்தில் என் கை அவர் மூக்கை இடித்திருக்கும்.

அவர் நிதானமாகச் சொன்னார். காலையில் பொத்தான் தன் காதைத் தொட்டு, வலிக்கிறது என்றிருக்கிறாள். தொண்டை இல்லையா என்று கேட்டிருக்கிறார். காதுதான், இரண்டு பக்கமும், என்றிருக்கிறாள். அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று, எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஓங்கித் தட்டியிருக்கிறார். தட்டிய அதிர்வு அவர் கைக்கே வலித்திருக்கிறது.

"திரும்பல," என்றார். "மூணு தடவை தட்டினேன். திரும்பவே இல்ல."

மீதியை அவர் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கதை தெரியும். மூன்று வயதில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, காதும் போயிற்று. அப்படித்தான் அவருடைய அம்மா அவருக்குச் சொல்லியிருந்தார். அவர் தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டு நான் பார்த்ததில்லை. இந்த அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்க வைக்கவே நான் பட்ட பாடு முந்தைய அத்தியாயங்களில் இருக்கிறது.

நான் பொத்தானின் பின்னால் போய், அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கூப்பிட்டேன். அவள் தலையைத் திருப்பவில்லை. முழு உடம்பையும், தோளோடு சேர்த்து, ஒரு பீரோவை நகர்த்துவதுபோல நகர்த்தித் திரும்பினாள். முகம் சுருங்கியது.

"கழுத்தைத் திருப்பினா வலிக்குதா?"

ஆமாம் என்று கண்ணை மட்டும் மூடித் திறந்தாள்.

அப்பா டம்ளரைத் தட்டியது கேட்டதா என்று கேட்டேன். கேட்டது, தலையே வெடிப்பதுபோலக் கேட்டது, என்று கையால் சொன்னாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பயம் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு, பிள்ளை சொல்வதைக் கேட்டு எழுந்து போய்விடாது. அவள் பயத்தில் பொய் சொல்கிறாள் என்றார். நானும் அந்த வயதில் எல்லாம் கேட்கிறது என்றுதான் தலையாட்டிக்கொண்டிருந்தேன் என்றார்.

வார்டுக்குத் தொலைபேசி செய்தேன். ஒரு கையில் ரிசீவர், மறு கையால் அவருக்குச் சொல்லிக்கொண்டே கேட்டேன். காது வலி வருவது சகஜம் என்றார் சிஸ்டர். ஆனால் காலையிலிருந்து மருந்தும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றதும் குரல் மாறியது. டாக்டர் இருக்கிறார், உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

ரிசீவரை வைத்ததும் அவர் கேட்டார். "காது வலி சகஜம்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்களா? ஏன்னு சொல்லலியா?"

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒற்றைக் கையால் எவ்வளவுதான் பேசுவது.

"நேர்ல போய் நானே அவங்க முகத்தைப் பார்த்துக் கேக்கறேன்," என்றார். "அதுவரைக்கும் அந்த மருந்து வேண்டாம்."

அண்ணியின் பயிற்சிக் காரில் போனோம். முன்னும் பின்னும் எல் போர்டு. கழற்ற நேரமில்லை. அண்ணி பிள்ளையின் தொண்டை குலுங்கக் கூடாது என்று மாட்டு வண்டி வேகத்தில் ஓட்ட, பின்னால் வந்தவர்கள் எல்லாம் பலகையைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, பயப்படாம ஓட்டுங்கம்மா, போகப் போகப் பழகிடும் என்று தைரியம் சொன்னார். இருபது வருடமாக ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணி, சரிங்க தம்பி என்று மட்டும் சொன்னார்.

பின் இருக்கையில் பொத்தானுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியை அவருக்கு வாட்டமாகத் திருப்பி வைத்திருந்தார் அண்ணி. ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது அவர் வாயசைப்பைத் தம்பி அந்தக் கண்ணாடியில் படித்துக்கொள்வார். அண்ணி கார் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவர்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

டாக்டர் எங்களைவிட இளையவர். முகத்தில் முகக்கவசம். இவருக்குக் காது கேட்காது, உதட்டைப் பார்த்துப் படிப்பார் என்று நான் சொன்னதும் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியை அவருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டார். பொத்தானின் அப்பா முகம் முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்தது.

டாக்டர் பொத்தானின் வாயைத் திறக்க வைத்து டார்ச் அடித்தார். நீங்களும் பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளையும் மஞ்சளுமாக ஏடு. இது சீழ் அல்ல, முழங்காலில் அடிபட்டால் பொருக்குக் கட்டுவதுபோலத்தான், ஈரமான இடம் என்பதால் வெள்ளையாக இருக்கிறது என்றார். ஓரம் உரிய ஆரம்பித்திருக்கிறது. அதனால்தான் வலி ஏறியிருக்கிறது. சிவப்பாகப் புது ரத்தம் வந்தால் மட்டும், கொஞ்சம்தானே என்று பார்க்காமல் உடனே ஓடி வர வேண்டும்.

பிறகு காதுக்குள் பார்க்கும் சின்ன விளக்குக் கருவியை எடுத்துப் பார்த்தார். கண்ணை எடுக்காமலே அவரைச் சாடையாகக் கூப்பிட்டு, தன் இடத்தில் நிறுத்தி, கருவியைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைத்தார்.

அவர் வெகுநேரம் பார்த்தார். கடையில் புதுக் கண்ணாடி வந்து இறங்கினால் அப்படித்தான் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். நிமிர்ந்தபோது என்னிடம் திரும்பிச் சொன்னார்.

"கீறல் இல்ல. விரிசல் இல்ல. ஒரு ஓரத்துல வெளிச்சம் பளிச்சுனு திரும்பி வருது."

அந்த வெளிச்சம் திரும்பி வந்தால் செவிப்பறை நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்றார் டாக்டர், நான் சொன்னதைக் கேட்டு.

அப்படியானால் வலி ஏன் என்று கேட்டார். அன்று முழுவதும் அவர் கேட்கக் காத்திருந்த கேள்வி.

தொண்டைக்குப் போகும் நரம்பின் ஒரு கிளை காதுக்கும் போகிறது என்று டாக்டர் தன் கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். "தொண்டையில அடிக்கிற மணி காதுல அடிக்கற மாதிரி மூளைக்குக் கேக்குது" என்று சொல்லிவிட்டு, யாரிடம் மணியை உதாரணம் சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் சிரித்துவிட்டார். "ஸ்விட்ச் இங்க, பல்பு அங்க," என்றார், தொண்டையையும் காதையும் தொட்டு. நான் மொழிபெயர்க்கும் முன்பே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் எல்லாப் பெற்றோருக்கும் இதைத்தான் சொல்லப் போகிறேன் என்றார். வீட்டுக்கு அனுப்பும்போதே காது வலி வரும் என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கு விட்டுப்போயிருக்கிறது என்றும் சொன்னார்.

அவர் சிரிப்பு நின்றது. எனக்கு மூன்று வயதில் ஊசி போட்டார்கள் என்று ஆரம்பித்தார். அதை நான் வாய் விட்டு டாக்டருக்குச் சொன்னேன். ஒன்றையும் சுருக்கவில்லை. கதவருகே நின்றிருந்த அண்ணி காலால் தரையை அழுத்தியதைப் பார்த்தேன். பழக்க தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் முழுவதும் கேட்டார். சில பெரிய மருந்துகளால் அப்படி ஆவது உண்டு, உங்கள் பயம் தப்பில்லை என்றார். ஆனால் இது அந்த இனம் அல்ல. சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் கொடுத்தால் காதை ஒன்றும் செய்யாது. பிறகு பொத்தானின் உதட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இப்ப எனக்குப் பயம் காது இல்ல. இதுதான். வலிக்குதுன்னு குடிக்கல. குடிக்காததால இன்னும் வலிக்குது. மருந்து குடுத்து அரை மணி பார்ப்போம். குடிச்சிட்டா வீட்டுக்குப் போகலாம். இல்லன்னா சேர்த்து, கையில ஊசி குத்தி டிரிப் ஏத்தணும். வேற வழி இல்ல."

ஊசி என்ற சொல்லை டாக்டரின் உதட்டில் அவர் படித்ததை நான் பார்த்தேன்.

சிஸ்டர் மருந்தையும் ஊசி இல்லாத சிரிஞ்சையும் கொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னை விலக்கிவிட்டுத் தானே வாங்கினார். மருந்தை உறிஞ்சி, கண் மட்டத்துக்குத் தூக்கி, கோட்டுக்கு ஒரு இழை மேலே நின்றதைத் தள்ளிச் சரிசெய்தார். அதன் பிறகும் இன்னொரு தடவை அளவைப் பார்த்தார். மூன்றாள் உயரக் கண்ணாடியைக்கூட ஒரே தடவை அளந்து வெட்டுகிறவர்.

நாக்கின் மேல் பீய்ச்சாமல் கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார் சிஸ்டர். முதல் சொட்டுக்கே பொத்தானின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துப்பப் போனாள். அவர் சிரிஞ்சை எடுத்துவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, எனக்கும் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னார். அவள் ஆச்சரியத்தில் விழுங்கிவிட்டாள். அப்புறம் அவர் ஒவ்வொரு சொட்டுக்கும் தானும் ஒரு தடவை விழுங்கிக் காட்ட, மருந்து முழுதும் உள்ளே போனது.

பிறகு அரை மணிக் காத்திருப்பு. வராந்தா பெஞ்சில் அவர் மடியில் பொத்தான். குளிர்ந்த தண்ணீர் டம்ளரோடு நான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அண்ணி.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் தோள் இறங்கியது. துண்டை எடுப்பது நின்றது. பிறகு கை பேச ஆரம்பித்தது.

"எனக்கு எப்ப காது போகும்?"

போகாது, டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை என்றார் அவர்.

அவள் முகம் விழுந்தது. அது வலி அல்ல. எனக்கு அந்த முகம் தெரியும். கடைக்குக் கூட்டிப் போக முடியாது என்று சொல்லும்போது வரும் முகம்.

"போகவே போகாதா?"

"போகாது."

"நேத்தே வலிச்சுது. யார்கிட்டயும் சொல்லல." அவள் விரல்கள் சோர்ந்து சோர்ந்து அசைந்தன. "காது போயிட்டா சக்கரத்துச் சத்தம் என்னை ஒண்ணும் பண்ணாது. உன்கூடக் கடைக்கு வரலாம்னு இருந்தேன்."

நான் டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன்.

தன்னைப்போல ஆகிவிடுவாளோ என்று காலையிலிருந்து அலமாரிக்குக் கீழே காவல் நின்றவர் அவர். அவளோ முந்தின நாளிலிருந்தே அதற்குக் காத்திருந்திருக்கிறாள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல்.

அவர் அவள் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு சொன்னார்.

"கேட்டாலும் வரலாம்."

"சக்கரம்?"

"பஞ்சு வெச்சுக்கலாம். அதுக்கு மேல காதை மூடறதுக்கு ஒண்ணு விக்குது, அதையும் வாங்கறேன். நீ வர்ற அன்னிக்கு வெட்டற வேலை மட்டும் பண்றேன். சக்கரத்தை நிறுத்திடறேன்."

"எப்ப?"

அவர் டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதுதான் பதில்.

அவள் உதட்டை நனைத்தாள். நிறுத்தினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு வாய். கழுத்தில் விழுங்கல் இறங்கியதை அவர் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு வாய். பாதி டம்ளர் வந்ததும், பஞ்சு என்ன கலரில் வேண்டும் என்பதை நானே முடிவு செய்வேன் என்று ஒரு நிபந்தனை போட்டாள். சரி என்றார். மீதியும் போனது. போன அடுத்த நிமிடமே பாத்ரூம் என்றாள். சிஸ்டர் அதைக் கேட்டு, பரீட்சையில் பிள்ளை முதல் வந்ததுபோலச் சந்தோஷப்பட்டார்.

இரவிலும் எழுப்பி வேளைக்குக் கொடுப்பது அவர் பொறுப்பு என்று அவரே சொன்னார். நெஞ்சில் கை வைத்துத்தானே தூங்குகிறேன், எனக்குத் தெரியாமல் அவள் விழிக்க முடியாது என்றார்.

திரும்பி வரும்போது சாலையில் கூட்டம். பொத்தான் என் மடியில் தலை வைத்து, காலை அப்பா மேல் போட்டிருந்தாள். கண் மூடியிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கடைத்தெருவில் போன காட்சிக் கண்ணாடிகளை வழக்கம்போல எடைபோட்டுக்கொண்டு வந்தார். மருந்துப் பாட்டில் அவர் சட்டைப் பையில் இருந்தது.

சிக்னலில் கார் நின்றது. அண்ணி கையை உயர்த்தி, பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியை மேலே கூரையைப் பார்க்கத் திருப்பினார். எங்கள் குடும்பத்தில் அது கதவைச் சாத்துவது மாதிரி. அண்ணி அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன்," என்றார், சாலையைப் பார்த்தபடி. குரல் அச்சகத்துக்குப் பேசியபோது இருந்ததைவிடத் தணிந்திருந்தது. "அந்த ஊசி இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"அவன் தத்தித் தத்தி நடக்கும்போதே நான் பின்னாடி நின்னு கூப்பிடுவேன். ஒரு தடவைகூடத் திரும்பினதில்ல. ஊசி போட்டது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. எனக்கு அப்ப பத்து வயசு, நல்லா ஞாபகம் இருக்கு. அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்கன்னா…"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் எழுந்தன. அண்ணி கியரை மாற்றி காரை நகர்த்தினார். வாக்கியம் அங்கேயே நின்றது.

வாழ்நாள் முழுவதும் அவர் மாத்திரைக்குப் பயந்தது, அம்மாவின் பெயர் வந்தால் சற்று முகம் திருப்பிக்கொள்வது, அன்று காலை அலமாரிக்குக் கீழே நின்றது, எல்லாம் அந்த ஊசியின் மேல் கட்டியது. இதை நான் என்ன செய்வது? எப்போது சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? யோசிக்க எனக்கு ஒரு ராத்திரியாவது வேண்டியிருந்தது.

மடியில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன். பொத்தான் தூங்கவில்லை. கண்ணை அகலத் திறந்து அத்தையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இருக்கும் இடத்தில் வாயால் பேசும் எதுவும் கையாலும் வந்தாக வேண்டும். யார் கை வேலையாக இருக்கிறதோ அவருக்காக மற்றவர் சொல்ல வேண்டும். அத்தையின் கை ஸ்டியரிங்கில் இருந்தது.

நான் அவள் கையைப் பிடிக்கும் முன், அது எழுந்து அப்பாவின் தோளைத் தட்டியது. அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.